ரப்பர் குழாய் சத்தம் போடாது

வட இத்தாலியில், எங்கள் பால் சங்கத்தில் பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர் ஒருவர் இருந்தார். பெயர் லெயார்கோ பொந்தவல்லி, பாய்லர் லைசென்ஸ் வைத்திருந்தவர். மற்றவர்கள் பால் ஊற்றினார்கள், சீஸ் திரட்டினார்கள், என்னைப் போன்றவர்கள் அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதிக் கிழித்தோம். லெயார்கோ பயந்தார். முப்பத்திரண்டு வருஷம், ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்று பாராமல், விடியும்போது வந்து, பால் கொப்பரைகளுக்கு நீராவி தரும் பாய்லரைப் பற்றவைத்துவிட்டு, அதன் எதிரில் ஒரு மர நாற்காலியைப் போட்டு, அது ஏதாவது செய்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பயந்ததால்தான் எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் கட்சி. சங்கத்தில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கிடக்கட்டும்.

அது சும்மா வந்த பயமல்ல. 1970இல், பத்தொன்பது வயதில், பார்மா பக்கம் தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் நீராவி போகும் இரும்புக் குழாயில் டொக் டொக்கென்று சத்தம். "பைப்பு சூடாகுது, அப்படித்தான் தட்டும்" என்று சொல்லிவிட்டு ஓதெர் என்ற ஃபிட்டர் வால்வைத் திறந்தார். தட்டியது குழாய் அல்ல, குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர். நீராவி பின்னாலிருந்து நெட்டித் தள்ள, அந்தத் தண்ணீர் ஒரே கட்டியாகப் பறந்துபோய் வளைவில் மோதியது. வளைவு பிய்த்துக்கொண்டு போயிற்று. ஓதெர் அதற்கப்புறம் மூன்று நாள் உயிரோடு இருந்தார். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் லெயார்கோ. அங்கே என்ன பார்த்தார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அதிலிருந்து அவருக்குக் கண்ணைவிடக் காதுதான் பெரிது. ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அழுத்தமானி என்ன சொன்னாலும் சரி, குழாய் சத்தமில்லாமல் இருந்தால்தான் வால்வைத் திறப்பார். உள்ளே தண்ணீர் இருந்தால் இரும்பு தட்டும், தட்டாவிட்டால் உலர்ந்த நீராவி. அவருடைய வேதம் அவ்வளவுதான். எங்கள் தலைவர் எர்மெஸ், முரட்டு ஆள், நல்ல மனுஷன், இதைப் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"என்ன தோழரே, பாய்லருக்குக் காய்ச்சலா? நெஞ்சுல வச்சுக் கேக்குறீரு?"

"சிரிங்க, சிரிங்க. தட்டுச்சுன்னா அப்ப தெரியும்."

கம்யூனிஸ்ட் கட்சி கலைந்து இருபது வருஷம் ஆகியிருந்தும் நாங்கள் ஒருவரை ஒருவர் தோழர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். பழக்கதோஷம்.

இனி துணி அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். கொப்பரையிலிருந்து சீஸைத் தூக்குகிற துணிகளைத் துவைக்கத் தனியாக ஒரு குட்டி பாய்லர் உண்டு. மணிக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான் அதன் வயிறு. அதிலிருந்து வரும் குழாயை வாளித் தண்ணீருக்குள் விட்டால் நீராவி தண்ணீரில் கரைந்து, வாளி சூடாகும். துணி அறையில் கடிகாரம் கிடையாது. அங்கே இருந்த பெண்கள் எந்தக் காலத்திலோ ஒரு கணக்கு கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: குழாயை விட்டதும் ஜெபமாலையில் ஒரு பத்து, அதாவது பத்து 'அருள் நிறைந்த மரியே'. பத்தாவது முடிவதற்குள் கை வைக்க முடியாத அளவுக்கு வாளி சுட்டுவிடும். ஒன்பதிலேயே சுட்டால் பாய்லர் ஜோர். பதினொன்று போனால் லெயார்கோவைக் கூப்பிடு. கோவில் பக்கமே போகாத எங்கள் தோழரும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தார். வாளியில் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு மரியாளை முணுமுணுக்கும் அவரைப் பார்த்து, துணி அறை வாந்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள். "பாதிரியாரு பாத்தா உனக்கு ஞானஸ்நானம் குடுத்துடுவாரு!" என்பாள்.

2011 ஜூன் மாதம் இஞ்சினியர் சபத்தீனி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். எங்களிடமிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கிடங்கில் அவர் ஒரு பெட்டி வைத்திருந்தார். உள்ளே நிக்கல் பொடி, கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு, ஒரு மின்சாரக் கம்பி. சூரியனுக்குள் நடக்கிற அணுச்சேர்க்கை இதற்குள்ளே குளிர்ச்சியாக, சமர்த்தாக நடக்கிறது என்றார். மின்சாரமாக ஒரு பங்கு போனால் சூடாக ஏழு பங்கு வருகிறதாம், அந்தச் சூட்டில் பெட்டிக்குள் ஓடும் தண்ணீர் ஆவியாகிறதாம். டெலிவிஷனில் காட்டினார்கள். சுவீடனிலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கோ எரிவாயுச் செலவு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, பாய்லரும் கிழடு தட்டிப்போயிருந்தது. பத்து நாளுக்குள் பால் சங்கம் முழுக்க அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு.

ஏழு பங்கு என்பதை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று லெயார்கோ பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "தண்ணிய கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு கட்டை வெறகு ஆகுதுன்னு வச்சுக்க. அதே தண்ணிய பூரா ஆவியாக்க இன்னும் ஆறு கட்டை வேணும். பெட்டிக்குள்ள போற தண்ணி தெரியும். வெளிய வர்றது பூரா ஆவின்னு எழுதிட்டா ஏழு கட்டை. வெறும் வெந்நீரா ஓடிப்போச்சுன்னா ஒத்தக் கட்டை. அந்த ஒத்தக் கட்டையத்தான் கரண்டு குடுக்குதே!" ஆகவே எல்லாமே, குழாயிலிருந்து வருவது உலர்ந்த ஆவியா, வெந்நீரா என்ற ஒரே கேள்வியில் நின்றது. இஞ்சினியரிடம் ஒரு கருவி இருந்தது. அதைச் செருகினால் ஈரம் இல்லை என்று காட்டும். ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தைப் பார்க்கிற கருவி, குழாயின் அடியில் ஓடும் தண்ணீரை அதனால் பார்க்க முடியாது என்று யாரோ ஒரு பேராசிரியர் பத்திரிகையில் கிழித்துவிட்டார். அதனால் இஞ்சினியருக்கு வேறொரு சாட்சி தேவைப்பட்டது. லைசென்ஸ் உள்ள, ஊர் நம்புகிற ஒரு பாய்லர்க்காரர்.

எர்மெஸ்தான் லெயார்கோவைக் கூட்டிப்போனார். நானும் போனேன். இஞ்சினியர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பேராசிரியருங்களுக்கு என்னங்க தெரியும்? நீங்க சொல்லுங்க லெயார்கோ, ஸ்டீமைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அறுபது வயது வரை லெயார்கோவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

பெட்டியிலிருந்து ஒரு தடித்த கருப்புக் குழாய் கிளம்பி, தரையோடு ஓடி, சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பக்கத்துக் கழுவும் அறைக்குள் போய்ச் சாக்கடையில் இறங்கியது. இஞ்சினியர் நுனியைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையாகப் புகை வந்தது. லெயார்கோ மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்து, இருபது நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு சின்னத் தட்டல்கூட இல்லை.

"சுத்தமா இருக்கு" என்றார்.

காகிதம் தயாராக இருந்தது. 'குழாயில் தண்ணீர் இல்லை, வெளிவருவது உலர்ந்த நீராவி' என்று எழுதி, கீழே பெயர், லைசென்ஸ் எண். கையெழுத்துப் போட்டார். ஜூலைக் கூட்டத்தில் அந்தக் காகிதத்தை நான்தான் எழுந்து நின்று படித்தேன். லெயார்கோவே கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று கேட்டுவிட்டு, சங்கத்தின் முப்பத்தெட்டுக் குடும்பமும் கையைத் தூக்கியது. அப்படிப் பயப்படுகிறவனே பயப்படவில்லை என்றால் நாம் எதற்குப் பயப்பட வேண்டும்? நானும் தூக்கினேன். பழைய பாய்லரை அக்டோபர் மூன்றாம் தேதி திங்கட்கிழமை வெட்டி எடுத்து இரும்புக் கடைக்குப் போடுவது, அந்த இடத்தில் இஞ்சினியரின் நாற்பது பெட்டிகளை வைப்பது என்று முடிவாயிற்று. பால் ஒரு நாளும் காத்திருக்காது. கொப்பரை ஒரு காலை சூடேறாவிட்டால் அந்தக் காலையின் பால் அத்தனையும் சாக்கடைக்கு. ஒரு வாரம் சூடேறாவிட்டால் சங்கமே இல்லை. இது எங்களில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கையைத் தூக்கினோம்.

செப்டம்பர் இருபதாம் தேதி துணி அறையில் வாந்தா கத்தினாள்.

"லெயார்கோ! இங்க வா! ரெண்டு பத்து சொல்லி முடிச்சாச்சு, வாளி இன்னும் பச்சைத்தண்ணியா கெடக்கு!"

லெயார்கோ ஓடினார். அதற்கு முந்தின வாரம்தான் அங்கே துருப்பிடித்த இரும்புக் குழாயை மாற்றி ரப்பர் குழாய் போட்டிருந்தார்கள். அவர் மண்டியிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்தார்.

"சத்தமே இல்லியே. ஸ்டீம் நல்லாத்தான் வருது."

"நல்லா வருதா? நீ கையை விட்டுப் பாரு, நல்லா வருதாம்!"

அவர் குழாயை வாளியிலிருந்து உருவித் தரையோடு தாழ்த்திப் பிடித்தார். கொளகொளவென்று வெந்நீர் கொட்டி அவருடைய செருப்பை நனைத்தது. குட்டி பாய்லரில் தண்ணீர் மட்டத்தைக் காக்கும் மிதவை கெட்டுப்போய், தண்ணீர் நிரம்பி வழிந்து, ஆவிக்குப் பதில் அதுதான் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. நுனியைத் தூக்கினார், வெள்ளையாகப் புகை மட்டும் வந்தது. தாழ்த்தினார், தண்ணீர். மறுபடி தூக்கினார், புகை. வாந்தா எனக்குச் சொன்னாள்: "மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு, கிராத்சியெல்லா. மாரடைப்புன்னே நெனச்சேன். குழாயைப் பிடிச்சுக்கிட்டு, 'ரப்பரு தட்டாது, ரப்பரு தட்டாது'ன்னு அதையே சொல்றாரு."

அவ்வளவுதான் விஷயம். உள்ளே தண்ணீர் இருந்தால் இரும்பு தட்டும். ரப்பர் தட்டாது. இஞ்சினியரின் கருப்புக் குழாயும் ரப்பர்தான். நாற்பது வருஷம் இரும்பையே கேட்டுப் பழகிய காது, ரப்பரின் மௌனத்தையும் உலர்ந்த ஆவி என்று நினைத்துவிட்டது. ஒன்றும் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவன் பேசாமல் நுனியைத் தாழ்த்திப் பார்த்திருப்பான்.

நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மதியம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தொப்பியைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அந்தக் காகிதம் உங்கிட்டதான இருக்கு?"

"நகல் இருக்கு. ஏன்?"

"அதைக் கிழிச்சிடலாமா?"

விஷயத்தைச் சொன்னார்.  முதலில் எனக்கு வந்தது கோபம்தான், மறைப்பானேன். "நாலு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கத்தினேன்.

"பயந்துட்டு இருந்தேன்" என்றார்.

அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. சட்டையின் மேல் பித்தான் அவர் நெஞ்சோடு சேர்ந்து துடித்தது. லைசென்ஸ் எண் போட்டுப் பொய்ச் சான்று கொடுத்ததற்கு ஜெயிலா, அபராதமா, ஓய்வூதியத்தைப் பிடுங்குவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.  கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒருவேளை அவரோட குழாய்ல நிஜமாவே ஆவிதான் இருந்துச்சோ என்னவோ. தண்ணி இருந்துச்சுன்னு நான் பாக்கலியே. இல்லன்னும் பாக்கல. எதையுமே நான் பாக்கல, கிராத்சியெல்லா. கையெழுத்து மட்டும் போட்டிருக்கேன்" என்றார்.

இரண்டு பேருமாக எர்மெஸிடம் போனோம். எர்மெஸ் முழுக்கக் கேட்கக்கூட இல்லை.

"மூணாம் தேதி வெட்டுறவன் வர்றான், இப்ப வந்து பயம்கிறியா? ஒனக்குப் பயம் வர்றதுக்கு ஒரு நேரங்காலம் கெடையாதா?"

"தலைவரே, அது ரப்பர் குழாய்…"

"அன்னிக்கும் ரப்பர்தான! அன்னிக்கு ஒங் கண்ணு எங்க போச்சு? முப்பத்தெட்டுக் குடும்பம் ஒன் பேரைச் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கு!" சொல்லிவிட்டு எர்மெஸும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முரடர்கள் பயப்படும்போது பார்க்கச் சகிக்காது. பிறகு, "இஞ்சினியர்கிட்டயே கேளு" என்றார்.

போனில் கேட்டோம். லெயார்கோ இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். இஞ்சினியரின் குரல் சட்டென்று தணிந்தது. "பாருங்க லெயார்கோ, கையெழுத்துப் போட்டது நீங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்தலை. இப்ப வெளியில போயி வேற மாதிரி பேசினீங்கன்னா, என் வக்கீல் உங்களோட பேசுவார். எனக்கு உங்க மேல மரியாதை இருக்கு. அதனாலதான் முன்னாடியே சொல்றேன்." இஞ்சினியர் போனை வைத்த பிறகும் லெயார்கோ ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அதன்பின் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் மனைவி நோர்மா எனக்குப் பிறகு சொன்னாள். சாப்பிடுவதில்லை. கீரை அடைத்த ரொட்டி சுட்டு எதிரில் வைத்தாலும் கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டிவிட்டு எழுந்து போய்விடுவாராம். வாசல் மணி அடித்தால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாராம். தபால்காரர் கொண்டுவந்த ஒரு பதிவுத் தபாலைப் பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தார், பிரித்தால் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம்.

"சொல்லாம இருந்துடு" என்றிருக்கிறாள் நோர்மா. "ஒனக்கு இன்னும் ஆறு மாசந்தான் சர்வீசு. அவங்க பாய்லரு, அவங்க பாடு."

"பால் கெட்டுச்சுன்னா?"

"கெட்டா கெடட்டும். ஒங் கையெழுத்தா பால் கறக்குது?"

"என் கையெழுத்துதான் கெடுக்குது, நோர்மா."

நோர்மா அழுதிருக்கிறாள். அவர் அவளைத் தேற்றவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அக்டோபர் முதல் தேதி, சனிக்கிழமை பிற்பகல். பாய்லரை வெட்டுமுன் உறுப்பினர்கள் எல்லாரும் பெட்டி ஓடுவதை ஒருமுறை நேரில் பார்க்கட்டும் என்று இஞ்சினியர் கிடங்கில் ஏற்பாடு செய்திருந்தார். மேஜையில் லாம்ப்ருஸ்கோ ஒயின் பாட்டில்கள், எங்களுடைய சீஸே துண்டு துண்டாக. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு நாற்பது ஐம்பது பேர். லெயார்கோ வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றே காலுக்கு வந்தார். வேலை உடுப்பில் வந்தார். கையில் துணி அறை வாளி, அதில் பத்து லிட்டர் குழாய்த்தண்ணீர். எங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தாரோ, பாதிக் காற்சட்டை நனைந்திருந்தது.

"என்னய்யா, தரையைக் கழுவ வந்தியா?" என்று யாரோ கேட்டார்கள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர் நிற்கவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்.

இஞ்சினியர் அப்போது பேசிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் சிரித்த முகத்தை மாற்றாமலே, "லெயார்கோ, விருந்துக்கு வாளியோட வந்திருக்கீங்களே" என்றார்.

"இஞ்சினியர் சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அவர் குரல் எங்கள் வரிசைக்கே சரியாக எட்டவில்லை. "பெட்டி மணிக்கு எவ்வளவு தண்ணி குடிக்குது?"

"பதினஞ்சு லிட்டர். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"எங்க துணி ரூம் பாய்லரும் பதினஞ்சுதான்." அவர் எங்கள் பக்கம் திரும்பினார். உதடு வெளுத்திருந்தது. "வாந்தாவுக்குத் தெரியும். பதினஞ்சு லிட்டரும் ஆவியா வந்துச்சுன்னா, ஒரு பத்துதான். குழாயை நான் இந்த வாளியில விட்டுப் பாக்குறேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ண மாட்டேன். பெட்டியைத் தொட மாட்டேன்."

"இது விளையாட்டு இல்ல. அளக்குறதுக்குன்னு முறை இருக்கு, கருவி இருக்கு…" என்று இஞ்சினியர் ஆரம்பித்தார்.

வாந்தா குறுக்கே புகுந்தாள். "வாளியில விடுறதுல என்ன சார் கெட்டுப்போவுது? நாங்க தெனமும் விடுறோம்."

கூட்டத்தில் ஒருவர், விடட்டுமே என்றார். இன்னொருவர் விடட்டுமே என்றார்.  எர்மெஸ் போய்க் கழுவும் அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

லெயார்கோ சாக்கடையிலிருந்து குழாயை எடுத்து வாளிக்குள் விட்டார். சட்டைக்கையைச் சுருட்டினார். வலது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் கையில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. தேநீர்க் கோப்பையைக்கூடத் துணி சுற்றிப் பிடிக்கிறவர். ஓதெரின் தோலைப் பார்த்தவர்.

"அருள் நிறைந்த மரியே…" என்று தொடங்கினார்.

பின்னால் நின்ற இஞ்சினியரின் ஆட்கள் ஒன்றிரண்டு பேர், மனுஷன் பயத்தில் பிரார்த்தனை பண்ணுகிறான் என்று நினைத்து உச்சுக்கொட்டினார்கள். பால்காரர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். நான்கு. ஐந்து. குழாய் தண்ணீருக்குள் பொளபொளவென்று குமிழி விட்டது. ஆறு. எனக்கு அந்தக் கை சுடவேண்டும். சுட்டு, அவர் ஐயோ என்று கத்திக் கையை உருவவேண்டும், கொப்புளம் வரவேண்டும். நான் அவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், திங்கட்கிழமை பாய்லரை வெட்டவேண்டும், எல்லாம் நல்லபடியாக இருக்கவேண்டும். என் வாழ்நாளில் இன்னொரு மனிதருக்கு வலிக்க வேண்டும் என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எட்டு. ஒன்பது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பத்து.

கை உள்ளேயே இருந்தது.

 கிடங்கில் பெட்டியின் பம்பு மட்டும் டிக் டிக்கென்று ஓடியது. லெயார்கோ கண்ணைத் திறந்து வாளியைப் பார்த்தார், பிறகு மறுபடியும் மூடிக்கொண்டு இரண்டாவது பத்தைத் தொடங்கினார். இப்போது வேகமாகச் சொன்னார். வாந்தாதான், "மெதுவா, லெயார்கோ, மெதுவா. கணக்கு தப்பிடும்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் கூடச் சேர்ந்து சொன்னாள். அப்புறம் இன்னும் ஒருத்தி. இரண்டாவது பத்து முடிந்தது. மூன்றாவது தொடங்கும்போது அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்க அவர் இடது கையைக்கூட எடுக்கவில்லை.

இஞ்சினியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திருட்டு வெளிப்பட்டவனின் முகம் அல்ல அது. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. அவர் எங்களை ஏமாற்றினாரா, தன்னையே ஏமாற்றிக்கொண்டாரா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது பத்தின் நடுவில் எர்மெஸ் கதவை விட்டுவிட்டு வந்தார். முழங்கால் வலியோடு முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைச் சுருட்டாமலே தன் கையையும் வாளிக்குள் விட்டார். ஐம்பது வருஷம் கொப்பரைப் பாலில் கையை விட்டுச் சூடு சொன்ன கை அது, ஒரு டிகிரி தப்பாது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு லெயார்கோவிடம், மற்றவர்களுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக ஏதோ சொன்னார். நான் கிட்டத்தில் இருந்ததால் கேட்டது.

"போதும்யா. எடு கையை. திங்கக்கெழமையும் வழக்கம்போல பழைய பாய்லரைப் பத்த வை."

லெயார்கோ தலையை ஆட்டினார். ஆனால் கையை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு பத்து பாத்துருவோம் தலைவரே" என்றார். "சுட்டாலும் சுடும்."